பாபிலோனின் எருதுகள்

"வருகிற பௌர்ணமிக்கு இந்த ஆலயம் கடலைக் கடக்கும்!" என்று கூரைமேல் கட்டிய ஒலிபெருக்கியில் முழங்கினார் போதகர் சோஃபனோர் சிகுவாய். "ஒரு பலகை கழலாது, ஒரு கண்ணாடி உடையாது! உள்ளே அடுப்பு எரியும், அடுப்புமேல் கெட்டில் கொதிக்கும், ஒரு சொட்டு சிந்தாது! நான் அக்கார்டியன் வாசிப்பேன், என் பக்கத்தில் நின்று குஸ்தோதியோ பார்ரியா பாட்டுப் பாடுவான்! இதைக் கர்த்தர் சொல்லுகிறார்!"

கடைசி மூன்று சொற்களுக்கும் கர்த்தருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வாய் ஓடிய வேகத்தில் அவை தாமாகவே ஏறிக்கொண்டன. சோஃபனோரின் வாய் அப்படிப்பட்டது. அவர் அல்லேலூயா என்று ஒருமுறை உரக்கச் சொன்னபோது விரிகுடாவில் கானாங்கெளுத்திக் கூட்டமே திசை மாறிப் போனதாகவும், எதிர்த் தீவில் அடைகாத்த கோழிகள் எழுந்து நின்றதாகவும் கில்வே மீனவர்கள் இன்றும் சொல்வார்கள்.

சிலோயே தீவின் ஓரத்தில் இருக்கிற கில்வே, எதையும் எளிதில் நம்புகிற ஊர். விளக்கெரிய வலம்வரும் பேய்க்கப்பலைக் கண்ணால் பார்த்தவர் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அந்த ஊரே இதை நம்பவில்லை. வீடு நகர்வதில் அங்கே யாருக்கும் ஆச்சரியமில்லை. மருமகளோடு சண்டை வந்தால் மாமியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப மாட்டாள், வீட்டையே தூக்கிக்கொண்டு கிளம்புவாள். ஊர் கூடி, அடியில் மரத்தண்டுகளைக் கொடுத்து, எருது பூட்டி இழுத்து, தேவைப்பட்டால் கடலில் மிதக்கவிட்டு, அக்கரையில் ஏற்றிவிட்டு வரும். அதற்கு மிங்கா என்று பெயர். கூலி கிடையாது. வயிறு நிறையச் சாப்பாடு உண்டு. நம்ப முடியாதது வேறு: சோஃபனோருக்காக யார் எருது பூட்டுவார்கள் என்பதும், குஸ்தோதியோ அவர் பக்கத்தில் நின்று பாடுவார் என்பதும்.

குஸ்தோதியோ அப்போது கடையில் உப்பு வாங்கிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி ஓய்ந்ததும் மீசையைத் துடைத்துக்கொண்டு, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அது மிதக்காது. மிதந்தாலும் நான் பாட மாட்டேன். அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா, நடந்துச்சுன்னு ஊர் முன்னாடி நானே எந்திரிச்சுச் சொல்றேன். போதுமா?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. சோஃபனோரின் சபையில் இருந்தவர்கள் சால்மன் தொழிற்சாலையில் மீன் அறுக்கும் பெண்களும், சில விதவைகளும், முழங்கால் வலிக்காக வந்து அப்படியே தங்கிவிட்ட கிழவர்களும்தான். எருது ஒன்றுகூட இல்லை. ஊரின் எருதுகள் எல்லாம் கத்தோலிக்கர்களுடையவை. அந்தக் கத்தோலிக்கர்களைத்தான் சோஃபனோர் ஆண்டுக்கணக்காக அதே ஒலிபெருக்கியில் பாபிலோன் என்று அழைத்துவந்தார். பிரசங்க மேடைக்குப் பின்சுவரில் வெளிப்படுத்தின விசேஷத்து மிருகத்தைத் தம் கையாலேயே வரைந்திருந்தார். அதற்கு ஏழு தலை. ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒருவருடைய ஜாடை. நாசரேயன் திருவிழா அன்று சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வரும்போது, ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பிவைத்து, "பாபிலோன் விழுந்தது, விழுந்தது!" என்று கத்துவார். ஊர்வலத்தின் முன்னால் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் குஸ்தோதியோ. பாதிரியார் படகேறி எப்போதாவதுதான் வருவார் என்பதால், மற்ற நாள்களில் சிற்றாலயத்தில் செபம் சொல்லி வைப்பவரும் அவரே. சோஃபனோர் கத்தக் கத்த இவர் பாட்டை உயர்த்துவார், இவர் உயர்த்த உயர்த்த அவர் கத்துவார். சொரூபம் மட்டும் பொறுமையாக ஆடி ஆடிப் போகும்.

இப்போது சோஃபனோரின் ஆலயம்தான் விழப்போகிறது. அவரும் மனைவி எதெல்மிராவும் தாங்களே பலகை அறுத்து, மீன்செதில்போல் மர ஓடு அடுக்கிக் கட்டிய ஆலயம் அது. மேட்டின் விளிம்பில் நின்றது, அந்த மேட்டைக் கடல் தின்றுகொண்டிருந்தது. போன குளிர்காலத்தில் வேலி போனது. பிறகு கழிப்பறை போனது. நல்லவேளையாக உள்ளே யாருமில்லை. அதன் கதவு மட்டும் மூன்று தீவு தள்ளி ஒதுங்கி, இன்று ஒரு பன்றிக்கொட்டிலுக்கு மிகப் பொருத்தமான கதவாக இருக்கிறது. லின்லே தீவில் சபைச் சகோதரி ஒருத்தி இடம் தருவதாகச் சொல்லிவிட்டாள். பௌர்ணமிக்குத்தான் கடல் போதிய அளவு ஏறும். அதற்கு அடுத்த பௌர்ணமிவரை மேடு தாங்காது.

ஆகவே சோஃபனோர், முன்னே சொன்ன அறிவிப்போடு இன்னொன்றையும் சேர்த்தார். "அந்நியர்கள் வந்து உன் மதில்களைக் கட்டுவார்கள் என்று ஏசாயா தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறார்! ஆகையால், அந்நியர்களே, தீர்க்கதரிசனம் நிறைவேறும்படி நாளைக் காலை எருதுகளோடு வந்து சேருங்கள்!"

மறுநாள் காலை குஸ்தோதியோவின் நாய் மட்டும் வந்தது. வந்து, ஆலயத்தின் மூலைத்தூணை முகர்ந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனது.

சோஃபனோரால் உட்கார முடியவில்லை. ஆலயத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். மேட்டு விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். ஒரு பிடி மண் சரிந்து விழும் சத்தம் கேட்டால் நெஞ்சு கூடவே சரிந்தது. நாற்காலியில் அமர்ந்தால் நாற்காலி நகர்வதுபோல் இருந்தது, எழுந்தால் தரை நகர்வதுபோல் இருந்தது. ஒரு தீர்க்கதரிசி கர்த்தரின் பெயரால் சொன்னது நடக்காமல் போனால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று மோசே எழுதிவைத்த வசனம், செருப்புக்குள் புகுந்த கல்லாக ஒவ்வோர் அடிக்கும் குத்தியது.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. நீங்க நடக்கிற நடையிலேயே மேடு சரிஞ்சிடும்" என்றாள் எதெல்மிரா. உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"பாபிலோன் மனசு கடினப்பட்டுப் போச்சு, எதெல்மிரா."

"அவங்க பாபிலோனாவே இருக்கட்டும். பாபிலோனுக்கு என்ன செய்யச் சொல்லியிருக்கு?"

"அதைவிட்டு வெளியே வரச் சொல்லியிருக்கு."

"அது யோவான் சொன்னது. எரேமியா என்ன சொன்னாரு?"

சோஃபனோர் நின்றார். எரேமியா சொன்னது அவருக்குத் தெரியும். முழுவேதத்தையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். ஆனால் அந்த இடத்தை எப்போதும் வேகமாகத் தாண்டிவிடுவார்.

"பாபிலோனுக்குச் சிறையாப் போன சனங்களுக்கு எரேமியா எழுதுறாரு" என்று எதெல்மிராவே சொன்னாள். "அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்த ஊரோட சமாதானத்துக்காகச் செபம் பண்ணுங்க, அது நல்லா இருந்தாத்தான் நீங்களும் நல்லா இருப்பீங்கன்னு. நீங்க கில்வேக்காக என்னைக்காவது செபம் பண்ணியிருக்கீங்களா? அது விழணும்னு தவிர?"

"அது... தீர்க்கதரிசனத்தை இந்தக் காலத்துக்குப் பொருத்திப் பாக்கிறபோது..."

"பொருத்துறதெல்லாம் அடுத்தவன் தலையில மட்டும்தானா?" துருவிய கிழங்கைத் துணியில் போட்டு அவள் பிழிந்த பிழியலில் பிழிபட்டது கிழங்கு மட்டுமல்ல. "உன் சகோதரனுக்கு உன்மேல குறை இருந்தா காணிக்கையை அப்படியே வச்சிட்டுப் போய் முதல்ல அவன்கூட ராசியாகுன்னு ஆண்டவர் சொன்னாரே. உங்க காணிக்கை இப்போ கடல்ல விழப்போகுது. இன்னும் எதுக்குக் காத்திருக்கீங்க? மிங்காவுக்குக் கூப்பிடுறவன் ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் தொப்பியைக் கழட்டிட்டு நின்னு கேக்கணும். உங்களுக்குத் தெரியாதா? ஒலிபெருக்கி வச்சு மிங்கா கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

இந்த ஊரின் வழக்கம் அதுதான். நேரில் வந்து கேட்டவனுக்கு முடியாது என்று சொல்லக்கூடாது. நேரில் வராதவனுக்கு நாயை அனுப்பினால் போதும்.

சோஃபனோர் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். மழை. முதல் வீடு விதவை சுனில்தாவினுடையது. அவளிடம் தீவிலேயே பெரிய எருது ஜோடி இருந்தது. அவை கொட்டாவி விட்டால் கொட்டகைக் கதவு தானே சாத்திக்கொள்ளும்.

"யாரு, பாஸ்டரா?" என்று கதவைத் திறந்தாள் சுனில்தா. "போன வருசம் நான் சொரூபத்துக்குப் பூ வச்சப்போ என்னமோ சொன்னீங்களே, அந்த வார்த்தை ஞாபகமிருக்கா?"

"இருக்கு."

"எங்க, ஒருதரம் சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன், சுனில்தா. அதைச் சொன்னது தப்பு. எருது கேட்டு வந்திருக்கேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தொப்பியில்லாத தலையில் மழைநீர் ஓடி மூக்கு நுனியில் சொட்டியது. "உள்ள வந்து அடுப்புப் பக்கம் நில்லுங்க. சூடா மாத்தே டீ குடிச்சிட்டுப் போங்க. நனைஞ்ச மனுசன்கிட்ட சண்டை போட்டா ருசிக்காது."

அப்படியே வீடு வீடாக. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழைய வார்த்தை அவருக்காகக் காத்திருந்தது, ஒரு கிண்ணம் மாத்தேயும் காத்திருந்தது. மாலைக்குள் அவர் குடித்த மாத்தேயில் ஒரு படகை மிதக்கவிட்டிருக்கலாம். கடைசி வீட்டுக்கு முன்னால் கால் தயங்கியது. அது குஸ்தோதியோவினுடையது. இருவரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே நாளில் பள்ளியை விட்டு ஓடியவர்கள்.

"வாங்க பாஸ்டர், வாங்க" என்றார் குஸ்தோதியோ, ரொம்ப மரியாதையாக. பள்ளிக்கூடத்து 'டேய்' காணாமல் போய் வெகுகாலம். "ரொம்ப நாளா ஒரு சந்தேகம். உங்க சுவர்ல ஏழு தலை மிருகம் ஒண்ணு இருக்காமே. அதுல நான் எத்தனாவது தலை?"

பொய் சொல்ல வாய் வந்தது. சோஃபனோர் அதை அடக்கினார். "நடுத்தலை."

"மீசையோடவா?"

"மீசையோட."

"மீசை நல்லா வந்திருக்கா?"

"இல்ல. பெயின்ட் வழிஞ்சிடுச்சு."

குஸ்தோதியோவின் உதடு ஒருகணம் துடித்தது. உடனே அடக்கிக்கொண்டார். "சொல்லுங்க."

சோஃபனோர் தொப்பியை நெஞ்சோடு பிடித்தார். "நான் பேசினதெல்லாம் தப்பு, குஸ்தோதியோ. ஆலயம் விழப்போகுது. உன் எருதைக் கேட்டு வந்திருக்கேன்."

"சரியா கேக்கலையே. திட்டினது ஒலிபெருக்கியில, மன்னிப்பு மட்டும் முணுமுணுப்பா? என் பொண்டாட்டிக்குக் காது மந்தம்."

சோஃபனோர் இன்னும் உரக்கச் சொன்னார். உள்ளேயிருந்து, "கேட்டுச்சு, கேட்டுச்சு, அந்த ஆளை உக்காரச் சொல்லு!" என்று ஒரு குரல் வந்தது.

"அவளுக்குக் கேட்டுடுச்சு. எருதுங்களுக்கு? மிருகம் மிருகம்னு சொன்னதுல அதுங்களுக்குத்தான் ரொம்ப வருத்தம்."

வீட்டுக்குப் பின்னால் இருந்த எருதுக் கொட்டகை வாசலில், முழங்கால்வரை சேற்றில் நின்று, வேதத்தைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்த போதகர் இரண்டு எருதுகளிடம் மன்னிப்புக் கேட்டார். எருது தன் எஜமானை அறியும் என்ற வசனம் நாக்கு நுனிவரை வந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வசனத்தை விழுங்கினார். எருதுகள் அசைபோட்டுக்கொண்டே அவரைப் பார்த்தன.

"நேர்ல வந்து கேட்டீங்க, அதனால வரேன்" என்றார் குஸ்தோதியோ. "ஆனா அது மிதக்காது. நான் பாடவும் மாட்டேன்."

பௌர்ணமிநாள் காலையில் கில்வே முழுவதும் மேட்டில் நின்றது. கத்தோலிக்க எருதுகள் ஜோடி ஜோடியாகப் பூட்டப்பட்டிருந்தன. சபைக் கிழவர்கள் முழங்கால் வலியை மறந்து நெம்புகோல் பிடித்தார்கள். குஸ்தோதியோ கையை உயர்த்திக் கத்தியதும் எருதுகள் தோள் கொடுத்தன. ஆலயம் முனகியது, நடுங்கியது, நகர்ந்தது. அது சரிவில் இறங்கி முடித்த சற்று நேரத்துக்கெல்லாம் அது நின்ற இடம் மொத்தமாகச் சரிந்து கடலில் விழுந்தது. சோஃபனோர் அதைப் பார்த்துவிட்டு, பிரசங்கம் எதுவும் செய்யாமல் பீப்பாய் உருட்டப் போனார். இதை யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மை.

கரையில் ஆலயத்தைச் சுற்றிக் காலிப் பீப்பாய்களைக் கட்டினார்கள். கடல் ஏறியது. சுவர்கள் நனைந்தன. பிறகு ஒரு பெருமூச்சோடு ஆலயம் தரையை விட்டு எழும்பியது. படகுகள் வடத்தை இழுத்தன. வழக்கப்படி உள்ளே ஒருவன் கோடரியோடு நிற்க வேண்டும். வீடு மூழ்கினால் படகுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடாதபடி வடத்தை வெட்டுவது அவன் வேலை. குஸ்தோதியோ கோடரியோடு ஏறினார். சோஃபனோர் அக்கார்டியனோடு ஏறினார். ஏறியதும் திகைத்தார். மேடை ஓரத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மேலே கெட்டில்.

"எதெல்மிரா! இது என்னடி?"

கடைசிப் படகில் ஏறிக்கொண்டே அவள் கத்தினாள்: "கர்த்தர் பேரால சொல்லிட்டீங்கல்ல! என் பங்குக்கு அடுப்பைப் பத்த வச்சிட்டேன்! மீதியை நீங்க பாத்துக்குங்க!"

நடுக்கால்வாயில் தெற்குக் காற்று பிடித்தது. ஆலயம் பம்பரமாகச் சுழலப் பார்த்தது. தரைப்பலகை இடுக்குகளில் தண்ணீர் வந்தது. முன்படகில் இரைந்துகொண்டிருந்த இயந்திரம் நின்றுபோனது. சோஃபனோர் மேடையில் இங்கும் அங்குமாய் நடந்தார்.

"கணுக்கால் அளவு" என்றார் தமக்குள்.

"என்ன உளர்றீங்க?"

"எசேக்கியேல். ஆலயத்திலிருந்து தண்ணி புறப்படுது. முதல்ல கணுக்கால் அளவு. எத்தனையோ தடவை சந்தோசமாப் பிரசங்கம் பண்ணியிருக்கேன்."

"அப்புறம்?"

"முழங்கால் அளவு."

கீழே பெஞ்சுகள் மிதக்கத் தொடங்கின. குஸ்தோதியோ பார்த்தார். "அப்புறம்?"

"இடுப்பளவு."

"அதுக்கும் அப்புறம்?"

"நீந்தணும்."

"டேய், எனக்கு நீந்தத் தெரியாதுடா!"

இத்தனை ஆண்டுகள் கழித்து அந்த 'டேய்' வந்து விழுந்தது. சோஃபனோர் நின்றார். ஜன்னல் வழியே பார்த்தார். விறைத்த வடத்தின் மறுமுனையில் படகின் பின்புறம் தண்ணீருக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது. அதில் குஸ்தோதியோவின் மகன் நின்று தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். அடுத்த படகில் சுனில்தாவின் தம்பிமார். அதற்கடுத்ததில் எதெல்மிரா. குஸ்தோதியோ கோடரியை ஓங்காமல் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டினால் ஆலயம் வெளிக்கடலுக்குப் போய்விடும், இவர்களோடு.

சோஃபனோர் சுவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு பலகையும் அவருக்குத் தெரியும். நடுத்தலையின் வழிந்த மீசையையும் பார்த்தார்.

"வெட்டுடா" என்றார். "ஆலயம் போனாப் போகட்டும். பசங்க வீட்டுக்குப் போகணும்."

குஸ்தோதியோ கோடரியைத் தூக்கினார். தூக்கியபடியே நிறுத்தினார். வெளியே நுரையைப் பார்த்தார். "இரு. நீரோட்டம் திரும்புற நேரம். நாசரேயன் பாட்டு ஒண்ணு முழுசாப் பாடுற நேரத்துக்குள்ள திரும்பணும். எங்கப்பா அப்படித்தான் கணக்கு வச்சாரு. பாட்டு முடிஞ்சும் திரும்பலைன்னா வெட்டுறேன்."

என்று சொல்லிவிட்டுப் பாடினார்.

பயத்தில் சுருதி எங்கேயோ போனது. சோஃபனோரின் விரல்கள் தாமாகவே அக்கார்டியனில் அதைப் பிடித்தன. திருவிழாதோறும் அந்தப் பாட்டை அமுக்கக் கத்திக் கத்தி, அதன் ஒவ்வொரு வரியும் அவருக்குள் ஊறிப்போயிருந்தது. ஆலயம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கெட்டில் அடுப்பின் விளிம்புக்கு வழுக்கி வந்தது. அது கொட்டினால் இருவர் காலும் வெந்துபோகும். குஸ்தோதியோ கம்பளித் தொப்பியைக் கழற்றி, கெட்டிலைத் தொப்பியோடு பிடித்து, ஒரு கையில் கெட்டிலும் மறு கையில் கோடரியுமாகப் பாடினார். நாலாவது சரணத்தில் சொல் மறந்தது.

"டேய், அடுத்தது என்ன? என்னடா?"

"'முட்கிரீடம் சூடியவரே!'" என்று கத்தினார் சோஃபனோர். "பாடு! அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு சரணம் இருக்கு! ஊர்வலத்துல நீங்க எல்லாரும் அவசரமா முழுங்கிட்டுப் போற சரணம்!"

இருவரும் சேர்ந்து பாடினார்கள். கடைசிச் சரணத்தின் கடைசி வரியில் வடம் லேசாகத் தளர்ந்தது. நுரை ஒருகணம் நின்று, யோசித்து, மறுபக்கமாக நகரத் தொடங்கியது. முன்படகின் பின்புறம் மேலே எழும்பியது. ஆலயம் லின்லேயை நோக்கித் தானாகவே மிதந்தது, கோயில் யானைபோல, அவசரமே இல்லாமல்.

அன்று மத்தியானம் லின்லேயின் கரையில், சுட்ட கற்களின்மேல் சிப்பியும் இறைச்சியும் எதெல்மிராவின் கிழங்குப் பணியாரங்களும் இலைக்கடியில் வெந்தன. ஆப்பிள் கள்ளைக் கத்தோலிக்கர்கள் தங்கள் படகுகளில் தாங்களே கொண்டுவந்திருந்தார்கள். சபையார் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள், பெரும்பாலோர். எல்லாரும் சோஃபனோரைச் சூழ்ந்துகொண்டார்கள்: உள்ளே என்ன நடந்தது? அவர் தட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். வாய் துறுதுறுத்தது. ஆனாலும் திறக்கவில்லை.

"பலகை ஒண்ணும் கழண்டு விழலை, எங்களுக்கே தெரியுது" என்றாள் சுனில்தா. "மத்ததெல்லாம்? குஸ்தோதியோ, நீ சொல்லு. கடையில என்ன சொன்ன?"

குஸ்தோதியோ கடைசிச் சிப்பியை மென்று முடித்தார். மீசையைத் துடைத்தார். மெல்ல எழுந்து, கருகிப்போன கம்பளித் தொப்பியை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினார்.

"மிதந்துச்சு" என்றார். "கண்ணாடி உடையல. கெட்டில் ஒரு சொட்டு சிந்தல, அது எனக்குத் தெரியும், பிடிச்சிருந்தது நான்தான். அவன் வாசிச்சான்." கொஞ்சம் நிறுத்தினார். எல்லாரும் காத்திருந்தார்கள். "நான் பாடினேன். எல்லாச் சரணமும். நடந்துச்சு."